ஜன்னலக்காவின் ஊமைக் கட்டை

தலைமை ஏற்றிருக்கும் மருந்துக்கடை ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பேருந்து நிலைய மேலாளர் அவர்களே, முன்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா வீட்டுக்காரர் அவர்களே, துருத்தி மன்றத்துத் தோழர்களே, இஸ்திரியைப் பாதியில் அணைத்துவிட்டு மாடியேறி வந்திருக்கும் கீழ்த்தளத்துச் சலவைக்கடைக்காரர்களே, கனத்த மனதோடு உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். ஒருவர் அக்காவை இசைக்கடல் என்றார். ஒருவர் மன்றத்தின் தூண் என்றார். மேலாளர் ஐயா, முப்பத்தோரு வருடம் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பயணியிடம்கூட எரிந்து விழாத ஊழியர் என்றார். எல்லாம் உண்மை. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தலையாட்டினீர்கள், நானும் ஆட்டினேன். ஆனால் சொல்கிறேன், என் வயிறு எரிந்தது. போன பிறகும் ஒருவருக்கு இவ்வளவு புகழா? உயிரோடு இருக்கிற எனக்கு ஒருவர்கூட இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பயப்பட வேண்டாம் ஐயா, அக்காவைக் குறை சொல்ல நான் வரவில்லை. என்னைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

என்னை உங்களுக்குத் தெரியும். தையல் மெஷின் மெக்கானிக். ஊசி என்று கூப்பிடுவீர்கள், தொழிலுக்காக மட்டும் வைத்த பேர் இல்லை அது என்பதும் எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாடியில், ஒரே வியாழக்கிழமையில், நானும் ஜன்னலக்காவும் அக்கார்டியன் கற்க வந்தோம். இரண்டு பேருக்கும் ஒரு சுரம்கூடத் தெரியாது. இரண்டு பேரும் பெட்டியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டோம். அன்றைக்கு மட்டும்தான் நாங்கள் சமமாக இருந்தோம்.

கற்றவர்களுக்குத் தெரியும், இந்தப் பெட்டி லேசில் வசப்படாது. வலது கை கட்டைகளை அழுத்த வேண்டும். இடது கை பொத்தான்களை அழுத்திக்கொண்டே துருத்தியையும் இழுத்துத் தள்ள வேண்டும். அந்தப் பொத்தான்களை நம்மால் பார்க்கவும் முடியாது. எட்டிப் பார்த்தால் கழுத்து சுளுக்கும். நான் ஆறு மாதம் எட்டிப் பார்த்தேன். அக்கா முதல் மாதமே நிறுத்திவிட்டார். எப்படி என்று கேட்டதற்கு, “பைக்குள்ள சாவி தேடுற மாதிரிதான் ஊசி. தலையை உள்ள விட்டா தேடுறோம்? கைக்கே தெரியும்” என்றார். இன்று இங்கே புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். யார் சொன்னது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொன்னதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் காற்று. எனக்குப் பாதி வரியிலேயே துருத்தி முழுக்க விரிந்துவிடும். இதற்கு மேல் இழுக்கக் கை நீளாது, பாட்டு நடுத்தெருவில் நிற்கும். அக்காவுக்கு வரி முடிந்த பிறகும் இரண்டு விரற்கடை மிச்சமிருக்கும். “என் பெட்டி சரியில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

நான்காம் வருடம் நாற்காலிப் பிரச்சினை வந்தது. அதோ, அக்காவின் படம் வைத்திருக்கிற நாற்காலி. முன்வரிசை, சுவரோரம், ஜன்னல் வெளிச்சம். மன்றத்தில் முதலாவதாக வாசிப்பவருக்கு அந்த இடம். அது எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பது நான். இந்த ஊரில் ரீடு பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரீடு என்பது பெட்டிக்குள் காற்றுப் பட்டால் பாடுகிற சின்ன எஃகு நாக்கு. அதைத் தகட்டில் பதித்து, தேன்மெழுகு ஊற்றி ஒட்டியிருப்பார்கள். மெழுகு விட்டால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் நாற்காலி அக்காவுக்குப் போனது. அன்றைக்குக் கைதட்டியவர்களில் என் கைதான் அதிகமாகச் சிவந்தது. வெறுப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் நான் பின்வரிசையில், நேர் பின்னால் உட்கார்ந்தேன். அக்காவின் முதுகையும் முழங்கையையும் பார்த்தேன். இந்த மாடியில் அவர் விரல்களை ஒருநாளும் பார்த்ததில்லை.

நம் மன்றத்தின் முடிவுப் பாட்டு உங்களுக்குத் தெரியும். தலைவர் ஐயா எழுதிய ‘கடைசி பஸ்’. மூன்றாம் வரியின் முடிவில் ஒரு நீண்ட சுரம் இருந்தது. இருந்தது என்கிறேன். நாற்காலி கிடைத்து இரண்டு மாதம் இருக்கும், ஒரு வியாழக்கிழமை அக்கா அந்தச் சுரத்தை வாசிக்கவில்லை. அதற்கு மேலும் கீழும் இருக்கிற கட்டைகளில் சட்டென்று ஒரு சுற்று சுற்றினார். பிறகு ஒரு மூச்சு. சுரமே இல்லாத வெறும் காற்று, யாரோ நடந்து களைத்து உட்கார்ந்ததுபோல. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதும்மா! இதுதான் நான் எழுதத் தெரியாம விட்டது” என்றார். மறுவாரம் தன் நோட்டில் அந்த நீண்ட சுரத்தை அடித்துவிட்டு, சுற்றும் மூச்சும் என்று எழுதினார். மன்றமே அப்படி வாசிக்கத் தொடங்கியது.

நானும் கற்றேன். எப்படிக் கற்றேன் தெரியுமா? கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கற்றேன். சுற்று வந்தது, மூச்சு வரவில்லை. துருத்தியைச் சத்தமில்லாமல் மூட இடது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு காற்றுப் பொத்தான் உண்டே, அதை அழுத்திப் பார்த்தேன். சைக்கிள் ட்யூபில் காற்று இறங்கியதுபோல இருந்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். பத்தொன்பது வருடம் போட்டுக்கொண்டேன்.

ஒரு மழைநாள். சாலையெல்லாம் தண்ணீர், பேருந்து ஒன்றும் கிளம்பவில்லை. நிலையத்தில் முந்நூறு பேர் அடைந்து கிடந்தோம். வரிசையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மேலாளர் ஐயா, உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு வெளியே வந்தார், மன்றத்துக்கு எடுத்துப்போக வைத்திருந்த பெட்டியை மாட்டிக்கொண்டார், ‘கடைசி பஸ்’ வாசித்தார். மூன்றாம் வரியில் அந்த மூச்சு வந்தபோது, சண்டை போட்டவர்களில் ஒருவர், “யம்மா, இந்தப் பெட்டி பெருமூச்சு விடுதும்மா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சண்டை போன இடம் தெரியவில்லை. அந்த முந்நூறு பேரில் நானும் ஒருத்தி. என் காலடியிலும் ஒரு பெட்டி இருந்தது, பழுது பார்த்துத் திருப்பிக் கொடுக்க எடுத்து வந்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வா என்று. நான் பெட்டியைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். இரண்டு பேர் வாசித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். எனக்குத் தெரியும். இருந்தும் தள்ளினேன்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. மன்றத்தில் எல்லாருடைய பெட்டியும் என் கைக்கு வந்திருக்கிறது, அக்காவின் பெட்டியைத் தவிர. ஒருமுறைகூட அவர் கொடுத்ததில்லை. என் கைமேல் நம்பிக்கை இல்லை, என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று நினைத்தேன். இதைச் சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன். யார் யாரிடம் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்களும் இப்போது தரையைத்தான் பார்க்கிறார்கள்.

போன திங்கட்கிழமை அக்கா வீட்டுக்காரர் என் கடைக்கு வந்தார். கையில் அந்தப் பெட்டி. லிப்ட் மெக்கானிக், அளந்து பேசுகிறவர்.

“ஆஸ்பத்திரியில சொல்லிட்டுப் போனா. ஊசிகிட்ட குடுங்க, அவ திறந்து பார்ப்பா, பார்த்ததும் திட்டுவா, வாங்கிக்கங்கன்னா.”

திறந்தேன். சின்னப் பெட்டி, பழசு. பெரிய பெட்டிகளில் ஒரு கட்டைக்கு இரண்டு மூன்று தகடு இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று பாடும். இதில் ஒரு கட்டைக்கு ஒரே தகடு. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டைக்கு அதுவும் இல்லை. தகடு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை, சுற்றிலும் உருகி வழிந்து உறைந்த மெழுகு. அந்தக் கட்டையை அழுத்தித் துருத்தியை இழுத்தேன்.

மூச்சு வந்தது.

நண்பர்களே, அந்தச் சுற்று என்ன? ஊமையாகிப்போன கட்டைக்கு மேலும் கீழும் தாண்டி ஓடிய ஓட்டம். மற்றப் பாட்டுகளிலும் அப்படித்தான் தாண்டியிருப்பார், அதையும் அழகு என்று நாம் ரசித்திருப்போம். அந்தப் பெருமூச்சு என்ன? ஓட்டை வழியாக வெளியேறிய காற்று. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், அக்காவுக்குப் பழுதே ஆயுதமாகிவிட்டது. நாம் இருபத்தாறு பேர், நல்ல பெட்டிகளை வைத்துக்கொண்டு, ஒரு கெட்டுப்போன பெட்டியைப்போல வாசிக்கப் பத்தொன்பது வருடம் பாடுபட்டிருக்கிறோம்!

சிரிக்கலாம். அக்கா இருந்தால் அவரும் சிரிப்பார்.

மெழுகு ஏன் உருகியது? அந்த நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். கீழ்க்கடையின் நீராவிக் குழாய் அதற்குள் போகிறது. நான் ஆசைப்பட்ட நாற்காலி. எனக்குக் கிடைத்திருந்தால் என் பெட்டியின் மெழுகு உருகியிருக்கும்.

பெட்டியின் உறையில் ஒரு சின்னப் பை. அதற்குள் ஒரு பேருந்து டிக்கெட் தாள், நான்காக மடித்தது. தாளுக்குள், கழன்று விழுந்த அந்தத் தகடு. தாளின் மேல் அக்காவின் கையெழுத்தில் ‘ஊசிக்கு’ என்று எழுதியிருந்தது. தாளில் தேதி முத்திரை இருந்தது, பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை.

“இதை எப்ப எனக்காக எடுத்து வெச்சாங்க?” என்று கேட்டேன்.

“உள்ள கடகடன்னு ஆடிச்சு. நான்தான் பெட்டியைத் திறந்து எடுத்துக் குடுத்தேன். ஒட்டத் தெரியல. அன்னிக்கே உங்ககிட்ட எடுத்துட்டு வந்தாளே.”

வந்தார். எனக்கும் நினைவு வந்துவிட்டது. நாற்காலி போன மூன்றாம் வாரம். அக்கா பெட்டியோடு கடைவாசலில் நின்றார். பெருமையடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள், “கையே ஓயலக்கா. அடுத்த வாரம் வாங்க” என்றேன். என் மேஜையில் ஒரே ஒரு மெஷின் இருந்தது, அதுவும் வேலை முடிந்தது. அக்கா அதைப் பார்த்தார். “சரிம்மா” என்று போய்விட்டார்.

“அடுத்த வாரமும் வந்தா” என்றார் அவர். “வாசல் வரைக்கும். நீங்க உள்ள யார்கிட்டயோ, அவளுக்கு நாற்காலி ஆச்சு, இனி கிரீடம்தான் பாக்கின்னு சொல்லிட்டிருந்தீங்களாம். திரும்பி வந்துட்டா. அப்புறம் இவளா ஒரு வழி கண்டுபிடிச்சு வாசிச்சா. நீங்க எல்லாரும் அதைத் தூக்கி வெச்சுக் கொண்டாடினீங்க. அதுக்கப்புறம் எப்படி வந்து சொல்லுவா?”

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்படியானால் அந்த மூச்சில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அரைமணி நேர வேலை அது. செவ்வாய்க்கிழமை மதியம் மெழுகு காய்ச்சித் தகட்டை ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை ‘கடைசி பஸ்’ வாசித்துப் பார்த்தேன். அதே பெட்டி, அதே ஊமைக் கட்டை, அதே மூச்சு. அக்கா வாசித்ததுபோல வரவில்லை. ஆகவே பெட்டியின் பழுதுதான் காரணம் என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். நான் அடையப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு இன்னும் பொறாமைதான். அது போகும் என்று இந்த மேடையில் பொய் சொல்ல மாட்டேன்.

இன்று அந்த நாற்காலியை எனக்குத் தருவதாகச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. தகுதியில்லை என்று நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தகுதியில்லைதான். ஆனால் மறுக்கவில்லை, பத்தொன்பது வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். சுவரைவிட்டு மூன்றடி தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். வெளிச்சம் குறைந்தால் குறையட்டும். இனி என் கடைவாசலுக்குப் பெட்டியோடு யார் வந்தாலும், அவர்கள் எதிரிலேயே, அன்றைக்கே திறந்து பார்ப்பேன். அக்காவின் பெயரால் நான் எடுக்கிற உறுதி இது ஒன்றுதான். பெரிய உறுதிகளுக்கு நான் ஆளில்லை.

இப்போது பெட்டிகளை மாட்டிக்கொள்ளுங்கள். நான் அக்காவின் பெட்டியை மாட்டிக்கொள்கிறேன். ‘கடைசி பஸ்’ஸை எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். மூன்றாம் வரியின் முடிவில் உங்கள் விரல்கள் பழக்கத்தில் சுற்றப் போகும். அந்த இடத்தில் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். தலைவர் ஐயா அடித்துவிட்ட அந்த நீண்ட சுரத்தை, துருத்தி முழுக்க விரிகிறவரை, இந்தப் பெட்டியில் நான் தனியாக வாசிக்கிறேன். அக்கா என் கடைக்கு அதைக் கேட்டுத்தான் வந்தார். அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.