ராணியைக் காப்பாற்றிய சட்டி

ஓட்டமாவடியிலிருந்து ஏறாவூர் வழியாகக் காத்தான்குடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தலை நரைத்த இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள்.

"உங்கட உம்மா போனைத் தூக்கினா என்ட ராணி மௌத்தாகிரும் மச்சான்," என்றார் கண்ணாடி போட்டவர்.

ராணி யாரோ பெண்ணாக்கும், சாகக் கிடக்கிறாளோ என்று பயந்து நான் காதைக் கொடுத்தேன்.

மற்றவர் சிரித்தார். "கம்பியூட்டர்ல செஸ் ஆடினதச் சொல்றாய்."

"ஓம். போன் லைன்லதானே அப்ப இன்டர்நெட். குசினியில அடுப்புக்குப் பக்கத்தில இருந்த போனைத் தூக்கினா லைன் அறுந்திரும், ஆட்டம் தோல்வி. நாம வயர மாத்தி மாத்திப் பார்த்தம்."

"உம்மாதான் வழி கண்டுபிடிச்சா. அந்தப் போனுக்கு மேல சோத்துச் சட்டியக் கவிழ்த்து வச்சா, ஆரும் தொடாம."

"பிறகு ஒருநாளும் அறுந்ததில்ல."

"வெள்ளிக்கிழமை பின்னேரம் சவூதியில இருந்து எங்கட மூத்தவ, ராத்தா, கோல் எடுக்கிற நேரம் அது. 'பொடியன்கள் விளையாடுறானுகள், நீ நாளைக்கு எடு மகள்' எண்டு உம்மா அவக்கிட்ட முதலே சொல்லி வச்சிட்டா."

கண்ணாடிக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"இது எனக்குத் தெரியாதே. உம்மா இப்ப எங்க?"

"ஏறாவூர் வீட்டிலதான். நீ காத்தான்குடிக்கு டிக்கெட் எடுத்திருக்காய்."

"அது கிடக்கட்டும்."

ஏறாவூரில் சிநேகிதருக்கு முன்னால் கண்ணாடிக்காரர்தான் இறங்கினார்.