கலக்கியவரே புகட்ட வேண்டும்

கூட வேலை பார்ப்பவர்களோடு மனஸ்தாபம் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. இங்கிலாந்தில், லங்காஷயர் கடலோரத்தில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில் யாரைக் கேட்டாலும் இந்த டாரீன் தங்கமானவள் என்பார்கள். பிரோனாவும் அப்படித்தான் நினைத்தாள். வேலைக்குப் புதிது, நல்ல பெண்.

இல்லத்தில் இருக்கும் ஹோரஸ் என்ற முதியவருக்குப் பக்கவாதம். தண்ணீராக எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் தேநீரில் ஒரு மாவைக் கலந்து கூழாக்கித்தான் கொடுப்போம். கலக்கியவரே புகட்ட வேண்டும் என்பது விதி. தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்ற குழப்பம் வராது.

மனிதருக்கு வாய் மட்டும் சும்மா இருக்காது. "டீயா இது? சுவத்துல காகிதம் ஒட்டுற பசை. ஏம்மா டாரீன், உன் மூஞ்சியைக் கரைச்சு ஊத்தினியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒருநாள் சட்டை மாட்டிவிடும்போது அவர் மணிக்கட்டைக் கொஞ்சம் திருகினேன். மறுநாளும் திருகினேன். கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டார் என்று மேலாளரிடம் சொல்லிவைத்தேன்.

பிரோனா பார்த்துவிட்டாள். சக ஊழியர் மேல் குறை இருந்தால் முதலில் அவரிடமே பேசு என்று பயிற்சியில் சொல்வார்கள். அது சில்லறை மனத்தாங்கலுக்கு. முதியவர் மேல் கை வைப்பதைப் பார்த்தால் நேரே மேலிடத்துக்குத்தான் போக வேண்டும். பாவம், அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியாம போய்ச் சொல்ல மனசு வரல டாரீன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா ஹோரஸுக்கு டீ கொடுத்துட்டு நான் போய்ச் சொல்லிடுவேன்."

"முதல்ல என்கிட்ட வந்தியே, அது போதும் கண்ணு" என்றேன்.

அவள் மாவைக் கலக்கி, மூக்கு வைத்த கோப்பையை மூடினாள். மூடிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. பக்கத்து அறையில் மணி அடித்தது. நீ போய்ப் பார், நான் இங்கே இருக்கிறேன் என்று அவளை அனுப்பினேன். கூழைக் கொட்டிவிட்டு வெறும் தேநீரை ஊற்றி, பழையபடி மூடி வைத்தேன்.

திரும்பி வந்து அவள்தான் புகட்டினாள். "அடி பொண்ணே, உனக்காவது டீ போடத் தெரியுதே" என்று ஹோரஸ் மடமடவென்று குடித்தார். அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் இருமல் பிடித்தது. அது நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் நிமோனியா கண்டு இறந்துபோனார்.

பிரோனா என்னைப் பற்றிச் சொல்லத்தான் செய்தாள். மாவு கலக்க மறந்தவள் பழியை அடுத்தவள் தலையில் போடுகிறாள் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. அவளுக்கு வேலை போயிற்று, வழக்கும் வரும் என்கிறார்கள். கிளம்பும்போது அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நிஜமாகவே அழுதேன்.

அவள் இடத்துக்கு நேற்று ஒருத்தி வந்திருக்கிறாள். என் கைகளையே பார்க்கிறாள். தோளில் தட்டிக்கொடுத்து, மனதில் எது பட்டாலும் முதலில் என்னிடம் வந்து சொல் என்றேன். புதியவர்களுக்கு இங்கே என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?