உங்களைக் குறித்துக் கேள்விப்பட்டோம்

இருந்தவர்கள் மூவர். ஆலயத்தின் பின்னறையில், பாட்டுப் புத்தகங்கள் அடுக்கிய மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் அக்கா: பாடகர் குழுவின் தலைவி, மாடி வீட்டுக்காரர். கதவுப் பக்கம் தம்பி: சபையின் செயலாளர், அதே கட்டடத்தில் கீழ் வீட்டுக்காரர். கூடப் பிறந்தவர்கள், ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இருவருக்கும் நடுவில் டீச்சர்: ஞாயிறு பள்ளி நடத்துகிறவர், அந்தக் கட்டடத்திலும் நடு வீட்டில் வாடகைக்கு இருப்பவர். டீச்சர் மேல் ஒரு புகார்க் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சபையின் கடிதங்களையெல்லாம் அழகாக எழுதுகிறவர் டீச்சர்தான் என்பதால் அவரையே எழுத உட்கார வைத்திருந்தார்கள். டீச்சருக்கு அதில் வருத்தமில்லை. பிழையில்லாமல் போய்ச் சேருமே என்ற நிம்மதிதான். வட்டாரத் தலைமைப் போதகருக்குத் தபால் கொண்டுபோகும் வண்டி வாசலில் நின்றது.

டீச்சர்: ...‘மேற்படி டீச்சர்’னு போடட்டுமா, ‘மேற்படியாள்’னு போடட்டுமா?

தம்பி: டீச்சர்னே போடுங்க. மரியாதை குறைய வேண்டாம்.

டீச்சர்: சரிதான். ஆளைத் தூக்கினாலும் மரியாதையாத் தூக்கணும். ‘மேற்படி டீச்சர், அப்போஸ்தலருடைய நிருபங்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற சாக்கில்...’

அக்கா: சாக்குன்னு எல்லாம் வேண்டாம். கொஞ்சம் நாகரிகமா எழுதுங்க.

டீச்சர்: ஐயாவுக்குச் சம்மதமா?

தம்பி: அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லுங்க. பாட்டு நடுவுலயே ராகத்தை மாத்துறவங்க. நாம எம்மாத்திரம்.

டீச்சர்: அக்கா, ஐயா என்ன சொல்றார்னா...

அக்கா: எனக்குக் காது நல்லாக் கேக்கும் டீச்சர். அன்னிக்கு மணிச் சத்தம்கூட ரொம்ப நல்லாக் கேட்டுது. அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க.

டீச்சர்: ஐயா, அக்காவுக்கு...

தம்பி: கேட்டுது.

டீச்சர்: ரெண்டு பேருக்கும் காதுல கோளாறு இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அடுத்த வரி?

தம்பி: நடந்ததை எழுதுங்க. போன ஞாயிறு ஆராதனை முடியுற நேரத்துல பிள்ளைங்க முன்னால வந்து நின்னு, ‘எங்கள் தெருவில் இருக்கிற சபைக்கு எழுதுகிறது’ன்னு ஆரம்பிச்சு நிருபம்னு ஒரு கடிதம் வாசிச்சாங்க. யாரைக் கேட்டு வாசிச்சாங்க?

டீச்சர்: அது பாடம் ஐயா. அப்போஸ்தலர் ஒரு சபைக்கு எழுதினா முதல்ல நன்றி சொல்லுவார். அப்புறம், உங்களைக் குறித்து இப்படி இப்படிக் கேள்விப்பட்டேன்னு தொடங்குவார். அப்புறம் புத்தி. கடைசியில வாழ்த்து. நம்ம சபைக்கு எழுதினா என்ன எழுதியிருப்பார்னு கேட்டேன். ஆளுக்கொரு சீட்டுல ஒரு வரி எழுதினாங்க. நான் வரிசையா ஒட்டினேன்.

அக்கா: நன்றி எங்க வந்துது அதுல?

டீச்சர்: வந்துதே. ‘குளிர் நாளில் எங்களுக்குச் சூடான பால் தந்தீர்களே, அதற்காக’ன்னு.

அக்கா: அதோட நன்றி முடிஞ்சுது.

டீச்சர்: அவங்களுக்கு ஞாபகம் வந்தது அவ்வளவுதான் அக்கா. யோசிக்க நேரமும் குடுத்தேன்.

தம்பி: ‘பிரசங்க நேரத்தில் கண்ணை மூடி ஜெபிக்கிறவர்களே, குறட்டையில்லாமல் ஜெபியுங்கள்.’ இது ஒரு வரியா? பொருளாளர் எழுந்து வெளியில போயிட்டார்.

டீச்சர்: அவர் பேரைப் போடலையே.

தம்பி: பேர் எதுக்கு? மொத்த சபையும் திரும்பி அவரைத்தான் பாத்துது.

அக்கா: கடைசிப் பாட்டு பாடும்போதே குடையைத் தேடுறவங்களைப் பத்தி ஒரு வரி இருந்துது. அது நல்ல வரி. அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

தம்பி: எப்படிச் சொல்லுவாங்க? கடைசிப் பாட்டு அவங்க பாட்டு.

அக்கா: குடையைத் தேடினது யாருன்னு அவர்கிட்ட கேளுங்க டீச்சர்.

டீச்சர்: இந்தக் கடிதத்துல குடைக்கு இடமில்லை. விஷயத்துக்கு வருவோம். அந்த வரியை அப்படியே எழுதணும். யார் சொல்றீங்க?

தம்பி: அவங்களைச் சொல்லச் சொல்லுங்க.

அக்கா: அவரையே சொல்லச் சொல்லுங்க. செயலாளர் ஆச்சே.

டீச்சர்: நானே சொல்றேன். ‘மாடி வீட்டு அக்காவுக்கும் கீழ் வீட்டுத் தம்பிக்கும் சொல்லுகிறது என்னவென்றால், பேசிக்கொள்ளுங்கள். பரலோகத்தில் மாடி வீடு, கீழ் வீடு என்று தனித்தனியாகக் கட்டி வைக்கவில்லை.’ சரியா இருக்கா?

அக்கா: ...சபையே சிரிச்சுது.

டீச்சர்: முன் வரிசை மட்டும்தான் சிரிச்சுது. பின் வரிசைக்குச் சரியாக் கேக்கலை. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாங்க.

தம்பி: வாசிச்சாங்களே. நிறுத்தி நிதானமா வாசிச்சாங்களே.

டீச்சர்: பெரியவங்க கேட்டா மறுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கேன்.

தம்பி: ஒருத்தர் வீட்டைச் சொல்லி சபை நடுவுல எழுதுறது எந்த ஊர் வழக்கம்னு கேக்கிறேன்.

டீச்சர்: அப்போஸ்தலர் வழக்கம்தான் ஐயா. ரெண்டு பொம்பளைங்க சண்டை போட்டுக்கிட்டப்ப, ரெண்டு பேர் பேரையும் போட்டே எழுதியிருக்கார். அதையும் சபை நடுவுலதான் வாசிச்சாங்க. அவர் மேலயும் ஒரு புகார் எழுதலாம். வண்டி அங்க போகாது, அதுதான் சங்கடம்.

அக்கா: அவர் அப்போஸ்தலர். இதை எழுதினது ஒரு வாண்டு.

தம்பி: அந்த வாண்டு யாருங்கிறதுதான் கேள்வி. பழைய போதகர் மாற்றலாகிப் போயிட்டார், புதுசா வர்றவர் இன்னும் வரலை. அதனால கமிட்டியே முடிவெடுத்தாச்சு. எழுதினது யாருன்னு டீச்சர் சொன்னா, அந்தப் பிள்ளையை மட்டும் இந்த வருஷம் வகுப்புல சேர்க்கிறதில்லை. சொல்லலைன்னா வகுப்பையே மூடச் சொல்லிக் கேக்கிறது. டீச்சரையும் சேர்த்து.

டீச்சர்: பேரை நான் சொல்ல மாட்டேன். அதைப் போன வாரமே சொல்லிட்டேன்.

அக்கா: அப்ப மூடட்டும்.

டீச்சர்: மூடட்டும் அக்கா. எனக்கென்ன, ஞாயித்துக்கிழமை கொஞ்சம் கூடுதலாத் தூங்குவேன். உங்க பொண்ணும் ஐயா பையனும்தான் பாவம். படிக்கட்டுல பாத்தா பேசக் கூடாதுன்னு ரெண்டு வீட்டுலயும் சட்டம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், இந்த வகுப்புலதான் பக்கத்துல பக்கத்துல உக்காருதுங்க. ஆளுக்கொரு புத்தகம் இருக்கு. இருந்தும் ஒரே புத்தகத்தைத்தான் பாத்து வாசிக்குதுங்க. மூடினா அதுவும் போச்சு. இதையும் கடிதத்துல சேர்க்கட்டுமா?

அக்கா: வேண்டாம்.

டீச்சர்: சரி.

அக்கா: டீச்சர் சொல்லலைன்னா என்ன, எழுதினது யாருன்னு எனக்குத் தெரியாதா? இந்தக் குத்தல் எந்த வீட்டுக் குத்தல்னு எனக்குத் தெரியும்.

தம்பி: எனக்கும் தெரியும். ‘பரலோகத்தில்’னு ஒரு இழுவை இழுத்து ஆரம்பிக்கிறது எந்த மாடியில இருந்து வர்ற பேச்சுன்னு.

டீச்சர்: ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. அப்ப வகுப்பை மூட வேண்டியதில்லை, பேரைப் போட்டாப் போதும். இதோ இடம் விட்டிருக்கேன். ‘மேற்படி வரியை எழுதிய பிள்ளை’... அக்கா, நீங்க சொல்லுங்க. கீழ் வீட்டுப் பையன் பேரைப் போடவா? சீக்கிரம், பேனா காயுது.

அக்கா: அவன் ஒருநாள்... கடைக்குப் போயிட்டு ரெண்டு பையைத் தூக்க முடியாம வந்துட்டிருந்தேன். வாசல்ல நின்னவன் ஓடி வந்து வாங்கிக்கிட்டான். மாடி வரைக்கும் வந்தான். ஒரு வார்த்தை பேசலை. சட்டமாச்சே. கதவுகிட்ட வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம ஓடிட்டான்.

டீச்சர்: ஒருத்தர் பாரத்தை இன்னொருத்தர் சுமக்கணும்கிறது அந்த வாரப் பாடம். இதை எந்த வரியில போடணும்?

அக்கா: எதுலயும் போட வேண்டாம். அவன் பேரையும் போட வேண்டாம்.

டீச்சர்: அப்ப ஐயா சொல்லட்டும். மாடி வீட்டுப் பொண்ணு பேரை எழுதிடவா?

தம்பி: இருங்க.

டீச்சர்: இருக்கேன்.

தம்பி: கோபத்தை வெச்சுக்கிட்டே பொழுது சாய விடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?

டீச்சர்: அப்போஸ்தலர் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன்.

தம்பி: அந்தப் பொண்ணு தினம் சாயங்காலம் படிக்கட்டுல பாதி இறங்கி வந்து நிக்கிறா. ‘மாமா, எனக்கு உங்க மேல கோபம் இல்லை’ன்னு சொல்லிட்டு மேல ஓடிடுறா. தினம். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருப்பேன்.

டீச்சர்: பதில் சொன்னீங்களா?

தம்பி: ...பேப்பரைத் திருப்புவேன்.

டீச்சர்: அதுவும் ஒரு பதில்தான். சரி, பேர்?

தம்பி: அவ பேரை எழுதாதீங்க. எழுதினது என் பையன். நேத்து என்கிட்ட ஒத்துக்கிட்டான். எழுதிக்குங்க.

அக்கா: இல்லை டீச்சர். எழுதினது என் பொண்ணு. என்கிட்ட சொல்லி அழுதா.

டீச்சர்: ஒரு வரிக்கு ரெண்டு ஆளா?

தம்பி: என் பையன்னு சொல்றேன்ல.

அக்கா: உன் பையனா? அவனுக்கு ‘சௌக்கியமா’ன்னு கேக்கிறதுக்கே ரெண்டு நாள் ஆகும். அவன் பரலோகத்தைப் பத்தி எழுதினானாம்.

தம்பி: உன் பொண்ணு அழுதாளா? விழுந்து முட்டி உடைஞ்சப்பவே அழாதவ. ஒரு பொய்யைக்கூட உனக்கு ஒழுங்காச் சொல்ல வரலை.

அக்கா: நீ சொன்னது மட்டும் மெய்யாடா?

தம்பி: ...இல்லை.

அக்கா: என்ன டீச்சர், அப்படிப் பாக்கிறீங்க?

டீச்சர்: ஒண்ணுமில்லை. ‘அவர்கிட்ட சொல்லுங்க’ன்னு சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். கொஞ்ச நேரமா எனக்கு வேலை வரலை.

அக்கா: எதுக்குடா அன்னிக்கு மணி அடிச்ச?

தம்பி: நேரம் ஆயிடுச்சு.

அக்கா: அம்மாவோட நினைவு ஆராதனை. அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு. கடைசிச் சரணத்துக்கு வாயைத் திறக்கிறேன், டிங்குன்னு ஒரு மணி. பாடகர் குழு என் முகத்தைப் பாக்குது. நான் யார் முகத்தைப் பாக்கிறது?

தம்பி: கடைசிச் சரணம்னாலதான் அடிச்சேன்.

அக்கா: என்னது?

தம்பி: அதைத்தான் அம்மா படுக்கையில பாடிக்கிட்டே இருந்தாங்க. நீ அதை ஆரம்பிச்சிருந்தா நான் அங்கேயே உடைஞ்சு அழுதிருப்பேன். முன் வரிசையில, கையில நிகழ்ச்சி நிரலை வெச்சுக்கிட்டு.

அக்கா: அழுதா என்ன? செயலாளர் அழக் கூடாதுன்னு சபைச் சட்டத்துல இருக்கா?

தம்பி: இருக்கும். சட்டம் எழுதினது நான்தானே.

அக்கா: இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

தம்பி: யார் மூலமாச் சொல்றது? டீச்சர்கிட்ட சொல்லி அனுப்புற சேதியா இது?

டீச்சர்: என்கிட்ட சொல்லி அனுப்புற சேதி எதுன்னு எனக்குத் தெரியும். ‘தொட்டி வழியுதுன்னு மாடியில சொல்லுங்க.’ ‘வழிஞ்சா வழியட்டும்னு கீழ சொல்லுங்க.’ அப்போஸ்தலருக்காவது நிருபம் கொண்டுபோக ஆள் மாறி மாறிக் கிடைச்சாங்க. எனக்கு லீவே கிடையாது.

தம்பி: வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். கடிதம் என்ன ஆச்சு?

அக்கா: அதைக் கிழிங்க. புதுசா எழுதுங்க. ‘எங்கள் இருவரையும் குறித்துத் தாங்கள் கேள்விப்படுவது உண்மை.’

தம்பி: உண்மையா? அப்படியே போட்டுக் குடுக்கணுமா?

அக்கா: பின்ன, வதந்தின்னு போடவா? சபையே ரெண்டு தரம் கேட்டிருக்கு.

தம்பி: சரி, போடுங்க. ‘எழுதிய பிள்ளை மேல் எங்களுக்குப் புகார் இல்லை. வகுப்பு எப்போதும்போல நடக்கட்டும். டீச்சரும் இருக்கட்டும்.’

டீச்சர்: ‘டீச்சர் என்ன செய்திருந்தாலும்’னு ஒரு வார்த்தை சேர்த்துக்கட்டுமா?

தம்பி: சேர்த்துக்குங்க. தாராளமா.

அக்கா: என் கையெழுத்து முதல்ல.

தம்பி: செயலாளர் கையெழுத்துதான் முதல்ல வரணும்.

அக்கா: நீ பிறக்கும்போது நான் ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தேன். தள்ளு.

டீச்சர்: மெதுவா, பேனா முனை போயிடும். ...ஆச்சு. ஐயா, நீங்களே கவரை ஒட்டுங்க. நல்லா அழுத்துங்க.

அக்கா: இப்பவாவது சொல்லுங்களேன். யார் பிள்ளை எழுதினது? திட்ட மாட்டேன். ஒரு முத்தம் குடுக்கிறதுக்காவது தெரிய வேண்டாமா?

டீச்சர்: வண்டி போகட்டும் அக்கா.

அக்கா: தம்பி கவரைக் குடுக்கப் போயிட்டான். என்கிட்ட மட்டும் சொல்லுங்க.

டீச்சர்: உங்ககிட்ட மட்டும் சொன்னா, அவருக்குச் சொல்ல நான் மறுபடி படி இறங்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே தடவையாச் சொல்றேன்.

தம்பி: குடுத்துட்டேன். சொல்லுங்க டீச்சர்.

டீச்சர்: வண்டி கிளம்பிடுச்சா?

தம்பி: தெரு முனை திரும்பிடுச்சு.

டீச்சர்: நிச்சயமாத் திரும்பிடுச்சா? கூப்பிட்டாலும் கேக்காதே?

தம்பி: கேக்காது. அதுக்கென்ன?

டீச்சர்: உங்க பொண்ணும் உங்க பையனும் சேர்ந்து ஒரே சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. வகுப்பை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டச் சொல்லி. அவ்வளவுதான் கேட்டாங்க. அதை வாசிச்சா உங்க ரெண்டு பேர் காதுலயும் விழாதுன்னு எடுத்து வெச்சுட்டேன். அந்த இடத்துல ஒட்டின வரி... நான் எழுதினது.