ஒரு நாளைக்கு ஒரு படகு

தீவைத் தேர்ந்தெடுக்கும்போது கடலின் படங்களைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. எல்லாத் தீவிலும் கடல் ஒரே நீலமாகத்தான் இருக்கிறது. படகு எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். நான் கடலை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் இதை உறுதியாகச் சொல்வேன்.

என் பெயர் கவிப்ரியா. வயது பத்தொன்பது. தில்லி ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அப்பா பாலசுப்ரமணியம் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அம்மா அம்சவேணி. இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அக்கா மதுமதி என்னைவிட ஏழு வயது பெரியவள்.

நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். விடை எனக்குத் தெரியும். இருபது நிமிடம் நின்றேன். வாய் திறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து போகவில்லை.

வெளியே எனக்காகப் பேசுகிறவள் அக்காதான். பால் பூத், கண் டாக்டர், பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர், எங்கேயும் நான் அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் நிற்பேன். அவள் திரும்பி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நான் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். என் குரல் அவளிடம் இருந்தது என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றியது.

பதிலுக்கு நான் எழுதினேன். வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். கேஸ் இணைப்பு, பாஸ்போர்ட், அப்பாவின் மெடிக்கல் பில், அம்மாவின் ஆதார் திருத்தம். நிரப்பி முடித்ததும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வைப்பேன். அப்பாவின் ஆபீஸ் வழக்கம் அது. கீழே இருப்பவர் குறி போடுவார், மேலே இருப்பவர் அந்த இடத்தில் கையெழுத்திடுவார். "கையெழுத்துப் போடுதவன் எல்லாத்தையும் படிக்க ஆரம்பிச்சா கவர்ன்மென்ட் எப்படிட்டி நடக்கும்?" என்று அப்பா சிரிப்பார். எங்கள் வீட்டிலும் யாரும் படித்ததில்லை.

அத்தானுக்கும் அது உடனே பழகிவிட்டது. அவரும் அரசு ஊழியர். பெயர் இளஞ்செழியன். ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கச் சிரமப்படுவார். பிப்ரவரியில் மலை மந்திர் முருகன் கோயிலில் வைத்து அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது.

அவரைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இதைப் படிப்பவர்கள் ஏதாவது தேடுவார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். அவர் என்னிடம் தவறாக நடந்ததில்லை. அக்காவிடம் குரலை உயர்த்தியதில்லை. நான் எதையோ எழுதுகிறேன் என்று கண்டுபிடித்து மூன்று நோட்டுகள் வாங்கி வந்தார். இது அவற்றில் ஒன்று. என்ன எழுதுகிறாய் என்று அவர் கேட்டதே இல்லை.

கல்யாணம் முடிந்து முதல் தடவை சாப்பிட வந்தபோது அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து இறால் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். அத்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அரே, சாரி அத்தை. இறால் மட்டும் நஹி. தொட்டாலே தொண்டை அடைச்சிடும். ரெண்டு தடவை ஹாஸ்பிடல் போய் வந்தாச்சு."

"ஐயோ, தெரியாமப் போச்சே மாப்ள. ஏட்டி மது, நீ சொல்லப்பிடாதா?"

"சொன்னேம்மா. நீ காதுல வாங்குனாத்தானே."

அவர் பையிலிருந்து ஒரு மஞ்சள் நிற ஜிப் பையை எடுத்துக் காட்டினார். உள்ளே ஊசி மருந்து, சிரிஞ்சு. மூச்சு அடைத்தால் தொடையில் போட வேண்டும், பிறகு ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டும் என்று அக்காவுக்கும் அம்மாவுக்கும் விளக்கினார். நான் கதவருகில் நின்று கேட்டேன். எனக்கு எதுவும் மறப்பதில்லை.

மார்ச்சில் அத்தானுக்கு வெளிநாட்டுப் போஸ்டிங் வந்தது. ஒரு தூதரகத்தில் மூன்று வருடம். ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். அக்காவும் போவாள். அன்று அவர் கூடத்தில் அப்பாவிடம் பேசியது சமையலறையில் எனக்குக் கேட்டது.

"கவியைப் பத்திதான் மது ரொம்ப யோசிக்கிறா மாமா. எனக்கென்னவோ இது நல்லதுன்னு படுது. மது பக்கத்துலயே இருந்தா அவ வாயைத் திறக்க மாட்டா. ஆறு மாசம் கஷ்டப்படுவா, அப்புறம் தானா பேசுவா. பாருங்க."

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா. கூடத்தில் இருந்த அக்கா மறுத்துச் சொல்வாள் என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு வெண்டைக்காயை நறுக்கி முடித்தேன்.

அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

போஸ்டிங்குக்கு முன்னால் எங்காவது போய்வரலாம் என்று அக்கா ஆசைப்பட்டாள். அரசு ஊழியர்கள் அரசே செலவு தரும் எல்.டி.சி. விடுமுறையில் அந்தமானுக்கு விமானத்தில் போய்வரலாம் என்பதால், இந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் வீட்டில் அங்கே எடுத்த போட்டோ இருக்கும். அத்தான் ஆபீசில் அக்காவின் பெயரைக் குடும்பப் பட்டியலில் சேர்த்ததும் வேலை என்னிடம் வந்தது.

"கவி மேடம்தான் டூர் இன்சார்ஜ்" என்றார் அத்தான். "நாங்க சூட்கேஸ் மாதிரி. தூக்கி எங்க வேணா போடுங்க."

"நல்ல ரூமாப் பாருடி. ஜன்னலைத் திறந்தா கடல் தெரியணும்" என்றாள் அக்கா.

பதினோரு நாள் பார்த்தேன். மாலத்தீவு எல்.டி.சி.யில் வராது. லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கொச்சியிலிருந்து கப்பல், அல்லது சின்ன விமானம். அந்தமான் என்றால் தில்லியிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து படகு. ஒரு அட்டவணை போட்டேன். தீவின் பெயர், ரிசார்ட், எப்படிப் போவது, எத்தனை மணி நேரம். கடைசியில் இன்னொரு கட்டம் சேர்த்தேன். அவசரமாக ஒரு டாக்டரிடம் போக வேண்டுமென்றால் எத்தனை மணி நேரம். கவனமாகத் திட்டமிடுகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள்.

எல்லோரும் போகும் பெரிய தீவில் ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் படகுகள். அதன் கட்டத்தில் நாற்பது நிமிடம் என்று எழுதினேன். இப்படி ஒன்பது தீவுகள். நான் தேர்ந்தெடுத்ததன் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் மேல் தப்பில்லை. பத்துக் குடில்கள் உள்ள ஒரே ஒரு ரிசார்ட். ஒரு நாளைக்கு ஒரு படகு, காலை ஏழு மணிக்குத் திரும்பிப் போய்விடும். டாக்டர் கிடையாது. அதன் கட்டத்தில் ஐந்து மணி நேரம் என்று எழுதினேன். காற்று இருந்தால் இன்னும் கூடும். அவர்கள் போகும் மே கடைசி வாரத்தில் காற்று இருக்கும்.

அட்டவணையிலிருந்து கடைசிக் கட்டத்தை எடுத்துவிட்டு அக்காவிடம் காட்டினேன். ஜன்னல் படத்தைப் பார்த்தாள். "எவ்வளவு அமைதியா இருக்கு" என்றாள்.

அங்கே தங்கியவர்கள் எழுதியிருந்த குறிப்புகளையும் படித்தேன். முக்கால்வாசிப் பேர் ஒரு சட்னியைப் பற்றி எழுதியிருந்தார்கள். சிவப்பு நிறம், உலர்ந்த இறாலை வறுத்துப் பொடித்து மிளகாயோடு அரைப்பார்களாம். பார்த்தால் தக்காளிச் சட்னி போல இருக்குமாம். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் மேசையில் இருக்குமாம். விருந்தாளிகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சமையல்காரர் தனியாகச் செய்து தருவார் என்று ரிசார்ட் ஒரு படிவம் அனுப்பியிருந்தது.

அந்தப் படிவத்தை நிரப்பினேன். ஒவ்வாமை என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். கீழே பென்சில் குறி போட்டேன். அத்தான் ஷூ மாட்டிக்கொண்டே கதவில் வைத்துக் கையெழுத்திட்டார்.

பயணத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தேன். விமான நேரம், ஹோட்டல், படகுத்துறை, யாருடைய தொலைபேசி எண். மூன்றாம் பக்கத்தில் உணவு என்ற தலைப்புக்கு நேரே "ரிசார்ட்டுக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதினேன். வெளியே சாப்பிடும்போதெல்லாம் இறால் இருக்கிறதா என்று சர்வரிடம் மூன்று தடவை கேட்கிற மனிதர் அத்தான். ஆனால் தாளில் தெரிவிக்கப்பட்டது என்று இருந்தால் அரசு ஊழியர்கள் யாரும் மறுபடி கேட்பதில்லை. அப்பாவும் அப்படித்தான். ஆபீசில் அதற்குப் பிறகு கேட்பது கீழே இருப்பவரை அவமானப்படுத்துவது.

மஞ்சள் பை விஷயம் அதைவிட எளிது. ஊசியைக் கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் நிறுத்துவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். டாக்டர் கடிதம் இருந்தால் நிறுத்த மாட்டார்கள். கடிதம் என் கோப்பில் இருந்தது. பையைப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அந்தச் சின்னப் படகில் ஆளுக்கு ஒரு தோள்பைக்குத்தான் அனுமதி. பெரிய பெட்டியைப் போர்ட் பிளேர் ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகவும் என்று தாளில் இருந்தது. தோள்பையையும் நானே அடுக்கிக் கொடுத்தேன். அதற்குள் இருக்கும் பொருட்களின் பட்டியலில் "மருந்துகள்: வைக்கப்பட்டன" என்று எழுதினேன். வைத்தேன். காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை, பேண்டேஜ்.

"இவ்வளவு நீட்டா எங்க ஆபீஸ்ல ஒருத்தன் செய்ய மாட்டான்" என்றார் அத்தான். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர்கள் போன நாட்களில் வீடு எப்போதும் போல இருந்தது. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வந்தது. வெயில் நாற்பத்தைந்து. தீவுக்குப் போன இரண்டாம் நாள் மதியம் ஒன்றேகாலுக்கு அக்கா என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"கவி, மஞ்சள் பை எங்கடி?"

"பெரிய பெட்டியில, அக்கா."

"பெட்டி போர்ட் பிளேர்லல்லா இருக்கு." பின்னால் யாரோ இந்தியில் தண்ணீர், தண்ணீர் என்று சொல்வது கேட்டது. "லிஸ்ட்ல மருந்துன்னு எழுதியிருக்கியே."

"அது காய்ச்சல் மாத்திரை."

அத்தான் மூச்சு விடுகிற சத்தம் போனில் வந்தது. எனக்கு அது விசில் போலக் கேட்டது. பிறகு இணைப்பு போய்விட்டது. அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று குறிப்புகளில் படித்திருந்தேன்.

மீன்பிடிப் படகு ஒன்றைப் பிடித்துக் கிளம்பியிருக்கிறார்கள். பாதிக் கடலில் முடிந்துவிட்டது. மீதித் தூரம் அக்கா அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் என்று, உடன் வந்த ரிசார்ட் மேலாளர் அப்பாவிடம் சொன்னார்.

அப்பா அந்த ரிசார்ட் மேல் புகார் எழுதச் சொன்னார். எழுதினேன். பதிலுக்கு அவர்கள் படிவத்தின் நகலை அனுப்பினார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "மாப்ளையே கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். படிவத்தை நிரப்பியிருந்த என் எழுத்து அப்பாவுக்குத் தெரியும். பதினைந்து வயதிலிருந்து பார்க்கிறார். காகிதத்தை நான்காக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மலை மந்திருக்குப் போனார். அதன் பிறகு அவர் என்னிடம் எந்தப் படிவமும் தருவதில்லை.

அலமாரியிலிருந்து அக்கா அதை எடுத்துப் பார்த்தாள். நான் கூடத்தில்தான் இருந்தேன். திருப்பி மடித்து வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முன்பெல்லாம் நான் சொல்ல நினைப்பதை எடுத்துக்கொள்வதற்காகப் பார்ப்பாளே, அதே போலத்தான். அவளுக்குப் புரிந்திருக்கும்.

நான் அவரைத் தொடவில்லை. அவர் சாகும்போது நான் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஆனாலும் இளஞ்செழியனைக் கொன்றது நான்தான். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்காக அதை அக்காதான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகஸ்டும் வந்துவிட்டது. அக்கா எங்கேயும் போகவில்லை. எங்கள் பழைய அறையிலேயே இருக்கிறாள். அவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை, என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால், அவளைத் தொந்தரவு செய்வதில்லை. நான் சமைத்ததை அவள் சாப்பிடுவதில்லை, அம்மா தட்டில் போட்டுக் கொடுத்தால் சாப்பிடுகிறாள். அறைக்குள் போனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள், நாற்காலியையும் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்கிறது. அவ்வளவு தூரம் போய் வந்த களைப்பு இன்னும் தீரவில்லை. நான் வெளியே கதவை ஒட்டியே உட்கார்ந்து எழுதுகிறேன், அவள் கூப்பிட்டால் உடனே போக வேண்டுமே.