அட்டைப்பெட்டித் தபால்

— அந்தப் பெட்டியத் தொறந்து காட்டும்மா. பத்தாம் வகுப்புக்கு நானும்தான் தமிழ் எடுக்குறேன்.

— அக்கா, நீங்க ஏ பிரிவு. இது பி பிரிவுப் பெட்டி. வெளியாள் யாருக்கும் காட்ட மாட்டேன்னு பிள்ளைங்ககிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்.

— சத்தியமாம்! செருப்பு வாங்குன அட்டைப்பெட்டிக்குச் செகப்புப் பெயின்ட் அடிச்சா தபாலாபீஸ் ஆயிடுமா? ரெண்டு பிரிவுக்கும் ஒரே நாவல்தான். நான் வரிவரியா நடத்தி எனக்குத் தொண்டத்தண்ணி வத்துது. நீ என்னடான்னா, வீட்ட விட்டு ஓடிப்போன கதாநாயகிக்கு லெட்டர் எழுதுங்கங்கற. மணியடிச்சாலும் உன் க்ளாஸ்ல ஒரு பிள்ளையும் எந்திரிக்க மாட்டேங்குது!

— அதுக்கா இவ்ளோ கோவம்?

— கோவமில்ல, பொறாமை. வாய்விட்டே சொல்லிட்டேன், போதுமா?

— யாரு மேலக்கா?

— உன்மேலதான். டீச்சர் பிள்ளை அவங்கம்மா க்ளாஸ்ல இருக்கக் கூடாதுன்னு ஹெச்.எம். என் பொண்ண உன்கிட்டத் தள்ளிவிட்டாரு. வீட்டுல என்கிட்ட ‘ம்’, ‘இல்ல’, ‘தூக்கம் வருது’, அவ்ளோதான். உன் பெட்டிக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதுறா. ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னாங்க. வளருது, உன்கிட்ட!

— அவ எனக்கு எழுதலக்கா. கதைல வர்ற பொண்ணுக்கு.

— அந்தப் பொண்ணு பேர்ல பதில் போடறது நீதான?

— அது வந்துக்கா...

— வந்தும் இல்ல, போயும் இல்ல. உன் சாயம் வெளுக்கட்டும்னு போன வாரம் நானே ஒரு லெட்டர் போட்டேன். பேர் இல்லாம, இடது கையால.

— ம்... என்ன எழுதுனீங்க?

— ‘எங்க வீட்டுலயும் ஒருத்தி பேசாமயே இருக்கா. உங்கம்மா என்ன செஞ்சிருந்தா நீ ஓடிப்போகாம இருந்திருப்ப?’ன்னு.

— பேரில்லாத லெட்டருக்கெல்லாம் பதில் போர்டுலதான் குத்தி வப்போம். பாத்தீங்களா?

— எல்லாரும் போனப்புறம் போய்ப் படிச்சேன். ‘எங்கம்மா எப்பவும் மார்க்கத்தான் கேப்பாங்க. ஒருநாள் ஒண்ணும் கேக்காம பக்கத்துல உக்காந்திருந்தா, பையக் கீழ வச்சிருப்பேன்.’ சும்மா சொல்லக் கூடாது, பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அதான் வயிறெரியுது. கல்யாணமே ஆகாத உனக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?

— எனக்குத் தெரியாதுக்கா. பதில் நான் எழுதறதில்ல. வாரத்துக்கு ஒரு பிள்ளை கதாநாயகியா இருந்து எழுதணும். அதான் பயிற்சியே.

— போன வாரம் யாரு?

— உங்க பொண்ணு.

— அடிப்பாவி! நல்லவேளை, இடது கையால எழுதுனேன்.

— கை இடதுதான். ஆனா பேனா நீங்க நோட்டுத் திருத்தற செகப்புப் பேனாக்கா. பிள்ளைங்க செகப்புல எழுதவே கூடாதே! பதில் எழுதறதுக்கு முன்னாடி அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: ‘மிஸ், அம்மாதான்னு தெரிஞ்சப்புறமும் உள்ளத உள்ளபடியே எழுதலாமா?’