மஞ்சள் வளையம்

தீயணைப்பு வீரர் இரண்டு கையாலும் சாவியைப் பிடித்து ஹைட்ரன்டைத் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய தலைக்கவசம் என் கையில் இருந்தது. குனிந்தால் கண்ணை மறைக்கிறது என்று கழற்றி நீட்டினார், வாங்கிக்கொண்டேன். யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. லஞ்சத்தைத் தவிர.

பகல் ஒன்றரை மணி. எதிரே தையல் கடையின் கீழ்த்தளம் எரிந்துகொண்டிருந்தது. துணி, நூல், பஞ்சு. கேட்கவா வேண்டும்? வேலையாட்கள் மூன்று பேரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். மாடியில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த தையல் மாஸ்டர் மட்டும் வரவில்லை. படிக்கட்டு முழுக்கத் தீ. வண்டியோடு வந்த தண்ணீர் நான்கே நிமிடத்தில் தீர்ந்துபோனது. அடுத்த வண்டி எங்கோ நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் அடிக்காமல் ஏணியைச் சுவரில் சாய்க்க முடியாது.

"வளையம் போட்டிருக்கே சார், ஏன் வரமாட்டேங்குது?" என்றார் வீரர்.

"இறுகியிருக்கும். இன்னொரு சுத்து சுத்துங்க," என்றேன்.

வளையம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஐயா. நான் நகராட்சியில் நீர்ப் பிரிவு மேற்பார்வையாளன். தெருவோரம் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறதே சிவப்பு இரும்புக் குழாய், அதுதான் ஹைட்ரன்ட். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சியடித்தால் கழுத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு வளையம். வளையம் இல்லாததைத் தீயணைப்புக்காரர்கள் தொடவே மாட்டார்கள், நேரம் வீண். வளையம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹோஸை மாட்டுவார்கள்.

அந்த ஹைட்ரன்டில் மூன்று வருடமாகத் தண்ணீர் கிடையாது. வளையம் போட்டவன் நான்தான். இதை விசாரணையில் உங்களிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஏன் என்று கேட்டீர்கள். அதற்கு மாஸ்டரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வரி கட்டும் கவுன்ட்டர் என் மேஜைக்கு நேர் எதிரே இருக்கிறது. மாஸ்டர் கடைசித் தேதி வரை காத்திருக்காத மனிதர். முதல் நாளே வந்து கட்டுவார், கட்டிவிட்டுச் சண்டை போடுவார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருமுறை ரசீதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்கிட்ட துணி குடுத்தா சட்டையா திரும்பி வருது. உங்ககிட்ட காசு குடுத்தா ரசீதா திரும்பி வருது. இதை நான் மாட்டிக்கிட்டுப் போக முடியுமா சார்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கவுன்ட்டர் அம்மா கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருடம் மண்ணுக்குள் குழாய் பதித்தவன் நான். நான் செய்த ஒரு வேலையையும் யாரும் பார்த்ததில்லை.

அதே மாதம் அவர் தெருவில் அந்த ஹைட்ரன்டுக்குப் போகும் கிளைக் குழாய் வெடித்தது. சரிசெய்ய ரோட்டைத் தோண்ட வேண்டும். ரோடு போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போன தடவை இப்படித் தோண்டியபோது, "போன மாசம் போட்டதை இந்த மாசம் நோண்டறீங்களே, யார் அப்பன் வீட்டுக் காசு?" என்று ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். அதனால் தோண்டவில்லை. கிளையின் வால்வை மூடினேன். வீடுகளுக்குப் போவது வேறு குழாய். ஒரு சமையலறையிலும் தண்ணீர் நிற்கவில்லை.

பிறகு பெரிய தெருக்களில் இருந்த ஹைட்ரன்டுகளுக்கெல்லாம் பளீரென்று சிவப்பு அடிக்கச் சொன்னேன். மஞ்சள் வளையத்தை மட்டும் என் கையாலேயே போட்டேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் வழிகிற தண்ணீரில் பெயின்ட் கெட்டுவிடும்.

அடுத்த வாரம் மாஸ்டர் என் மேஜைக்கே வந்துவிட்டார். "கடை வாசல்ல என்னமா நிக்குது சார்! இப்பத்தான் குடுத்த காசுக்கு ஏதோ கண்ணுல தெரியுது," என்றார். என் வேலையைப் பார்த்து வெளியாள் ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே கணக்கு எனக்குப் புரிந்துபோனது. மக்கள் கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கொடுத்தேன். சோதனைக்கு ஒதுக்கிய ஆட்களைப் பேருந்து நிறுத்த பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடிக்க அனுப்பினேன். புகார்க் கடிதங்கள் பாதியாகக் குறைந்தன. கொடுத்த காசுக்கு மதிப்புக் கிடைத்தது என்று மக்கள் நினைத்தால், கிடைத்தது என்றுதானே பொருள்?

என் பையில் ஒரு பைசா போகவில்லை. என் மனைவி ஒருமுறை, "பெயின்ட் மிச்சம் இருந்தா ஒரு டப்பா கொண்டாங்களேன், நம்ம கேட்டு துருப்பிடிச்சு மானத்தை வாங்குது," என்றாள். "அது ஊர் காசு," என்றேன். "ஆமா, பெரிய அரிச்சந்திரன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் கேட்டில் இன்னும் துருதான்.

தீப்பிடித்த அன்று தகவல் வந்ததும் நானே போய் நின்றேன், ஓடி ஒளியவில்லை. மாஸ்டர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். "அண்ணா, தண்ணி எப்பண்ணா வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இதோ வந்துரும்மா," என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் அலுவலகத்துக்கு வந்து, "கூடப்பிறந்த அண்ணன் மாதிரி கடைசி வரைக்கும் நின்னீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே நானாக வந்ததும் அதனால்தான்.

உங்கள் அறிக்கையைப் படித்தேன். நியாயமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். கடமை தவறினேன், பொய்ச் சான்று அளித்தேன் என்கிறீர்கள். சரி. ஆனால் நான்காம் பக்கத்தில், "அருகில் வேறு ஹைட்ரன்ட் இல்லாததால் மாற்று வழி இருக்கவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அது என் வரைபடத்தைப் பார்த்து எழுதியது. வரைபடத்தில் வளையம் போட்டவற்றை மட்டும்தான் குறித்திருந்தேன்.

அந்த வரியை மாற்ற வேண்டும், ஐயா.

தையல் கடைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. குப்பைத் தொட்டிகளைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை, அதனால் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பவில்லை. அந்தத் தொட்டிகளுக்கு நடுவே துருப்பிடித்த ஹைட்ரன்ட் ஒன்று நிற்கிறது. பழைய குழாயோடு சேர்ந்தது, வளையம் கிடையாது. தீக்கு இரண்டு நாள் முன்னால் சாக்கடைக் கசிவு பார்க்கப் போனவன், சும்மா திறந்து பார்த்தேன். முழங்கால் வரை நனைந்துபோனேன். அவ்வளவு வேகம்.

வண்டி நின்ற இடத்திலிருந்து நாற்பது அடி இருக்கும்.

வீரர் சாவியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "சார், பக்கத்துல வேற ஏதாவது இருக்கா? பெயின்ட் இல்லாதது, பழசு, எதுவானாலும் பரவாயில்ல. சொல்லுங்க சார்."

சொன்னால் தண்ணீர் வந்திருக்கும். வளையம் இல்லாததில் வருகிற தண்ணீர், வளையம் போட்டதில் ஏன் வரவில்லை என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

மாடி ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மாஸ்டர் கையை நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டுதான், "இல்லை" என்றேன்.