பருவத்துக்கு வராத செவலை

மங்களாம்பிகை: அதெல்லாம் எனக்குச் சொல்லாதீங்க டாக்டரம்மா. கன்னு போட்டு ஆறு மாசமாச்சு, செவலை இன்னும் பருவத்துக்கு வரல. ஊசியப் போடுங்க. இல்லேன்னா சாயங்காலம் தரகர் ஓட்டிட்டுப் போயிடுவாரு.

குந்தவை: கன்னு போட்டா கருப்பை சுருங்கணும், ஒரு ஹார்மோன் எறங்கி இன்னொண்ணு ஏறணும். நடுவுல ரெண்டு வேளையும் ஒட்டக் கறந்துடறீங்க. உடம்புல என்ன மிஞ்சும்? அதுக்குள்ள அடுத்ததுக்கு அவசரம். இல்லேன்னா தரகர். பொம்பளையாப் பொறந்தா மாட்டுக்கும் இதே கதிதான்.

மங்களாம்பிகை: மாட்டுக்குப் பேசறீங்களா, உங்களுக்குப் பேசறீங்களா?

குந்தவை: ரெண்டுக்கும்தான்.

இளஞ்செழியன்: அம்மா… டாக்டரே சொல்றாங்க, விட்டுடேன்.

மங்களாம்பிகை: பெத்தவள எதுத்து டாக்டருக்கு வக்காலத்தா? நீ வாலப் புடிடா.

குந்தவை: கைய விட்டுப் பாத்துட்டேன். ஊசி வேணாம்.

மங்களாம்பிகை: பொம்பள டாக்டருக்கு ஊசின்னா பயமா?

குந்தவை: நீங்க சொன்ன ஊசிய சொன்ன எடத்துல குத்தறதுக்கா அஞ்சு வருஷம் படிச்சேன்? போட்டா கலைஞ்சிடும்.

மங்களாம்பிகை: எது?

இளஞ்செழியன்: வெயிலா இருக்கும்மா, அவங்களுக்கு மோர்…

மங்களாம்பிகை: சும்மா இரு. எது கலையும்?

குந்தவை: சினை. மூணு மாசம். அதான் பருவத்துக்கு வரல.

மங்களாம்பிகை: ஊசியே போடாம சினையா?

இளஞ்செழியன்: ஏதாச்சும் காளை…

மங்களாம்பிகை: இந்த ஊர்ல ஏதுடா காளை?

இளஞ்செழியன்: ஆத்துக்கு அக்கரை, கூத்தாநல்லூர் பக்கத்துலேருந்து…

மங்களாம்பிகை: ஆத்துல நீந்தியா வந்துச்சு?

இளஞ்செழியன்: தண்ணி கம்மியாத்தானேம்மா ஓடுச்சு.

குந்தவை: போதும் செழியன். காளையெல்லாம் இல்லீங்க. நான்தான் சினை ஊசி போட்டேன். மக பிரசவத்துக்கு நீங்க மன்னார்குடி போயிருந்தீங்க. செவலை ஓயாம கத்துதுன்னு இவர்தான் கூப்பிட்டாரு. வித்துடாதீங்க.

மங்களாம்பிகை: ஏன்டா என்கிட்ட சொல்லல?

இளஞ்செழியன்: மறந்துட்டேம்மா.

மங்களாம்பிகை: ரெண்டு பேருமா? சினை ஊசி போட எவ்வளவு நேரமாகும்?

குந்தவை: அஞ்சு நிமிஷங்க.

மங்களாம்பிகை: விளக்கு வைக்கற வரைக்கும் உன் ஸ்கூட்டி நம்ம வாசல்ல நின்னுச்சாம்மா. நீ ஊசி போட்டதையும் சேத்து எதிர்வீட்டுக் காளியம்மா அன்னிக்கே எனக்குப் போன்ல சொல்லிட்டா. ரெண்டு பேரும் வாயத் தொறப்பீங்கன்னு மூணு மாசமாப் பாத்தேன், தொறக்கக் காணும். நான் எந்தத் தரகரையும் கூப்பிடல… சாயங்காலம் பேசி முடிக்க வரப்போறது உன் அம்மாவும் அப்பாவும்தான். போ, அந்தக் கைய நல்லாக் கழுவிட்டு வா.